சத்துமா டின்னும் அம்மாவின் கால்களும்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. டெங்கு வந்து 2 கிழமை படுத்ததில் கால் மெலிந்துவிட்டது, கதிரையைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. கடைக்காரர் 9,500 ரூபாய் டின்னைக் காட்டி, 3 மாதத்தில் தசை திரும்பும் என்கிறார். வாங்கலாமா? (கொக்குவில்)

பதில்: முதலில் டின்னைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் பேரனைத் தூக்கிச் சிரிக்கும் கிழவர் இருப்பார், அவரை விடுங்கள். என் அப்பாவுக்கு நானும் அப்படி ஒன்று வாங்கி, 3 டின் முடிந்த பிறகுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 30 கிராம் மாவில் 4 கிராம் புரதம், மிச்சத்தில் பெரும்பங்கு சீனி. ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது!

வயது போனால் தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் அசையும். இளவயதில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் போதும், முதியவருக்கு 1 முதல் 1.2 வரை வேண்டும், அதாவது 50 கிலோ அம்மாவுக்கு நாளுக்கு 50, 60 கிராம். அதை ஒரே வேளையில் கொட்டுவதைவிட மூன்று வேளைக்கும் பிரிப்பது நல்லது. புரதத்தின் கட்டுக்கற்களில் (அமினோ அமிலங்களில்) ஒன்றான லியூசின்தான் தசைக் கலத்துக்குக் 'கட்டத் தொடங்கு' என்று சொல்வது, அது ஒவ்வொரு வேளையும் போய்ச்சேர வேண்டும். நம் வீடுகளிலோ காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் பாணும் சம்பலும், மீன் மத்தியானம் மட்டும். காலையில் 2 முட்டை, இரவில் கடலையோ மீனோ சேருங்கள். சாப்பாடே இறங்காதவருக்குப் பவுடர் உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அப்புறம், தசை நாரை ஒட்டித் தூங்கும் கலங்கள் உண்டு, வேலை வாங்கினால்தான் அவை விழித்துப் பழுதுபார்க்கும். பக்கத்தில் நீங்கள் நிற்க, அம்மா கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்யட்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அதில் அவருக்கு என்ன லாபம்?

கேள்வி: கொலாஜன் பவுடர் தசை போடுமா? (சுன்னாகம்)

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். அதில் லியூசின் குறைவு, உடலால் செய்ய முடியாத ட்ரிப்டோபன் என்ற இன்னொரு அமினோ அமிலம் அறவே இல்லை.

கேள்வி: ஜிம்மில் ஒரு அண்ணா பொலித்தீன் பையில் போட்டுத் தந்த வெளிநாட்டுப் புரோட்டின், கிலோ 7,000. குடித்தால் வயிறு ஊதுகிறது. நல்ல சாமானா? (நல்லூர்)

பதில்: லேபல் இல்லை, திகதி இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. தம்பி, நான் என்ன சாத்திரியா? புரதத்தைப் பெரும்பாலும் நைதரசனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள், நைதரசன் உள்ள கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் எண் ஏறும். 2008இல் சீனாவில் பாலில் நைதரசன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்ததும் இந்தக் கணக்கை ஏமாற்றத்தான். லேபல் உள்ளதிலேயே இந்த விளையாட்டு நடக்கும்போது உங்கள் பையில் என்ன இருக்கிறதோ. குடிப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: பென்சன் காசில் வாங்கிய டின்னில் திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். உரித்தால் காலாவதி. கடையில் சிரிக்கிறார்கள். (சாவகச்சேரி)

பதில்: அம்மா, பிழை உங்களில் இல்லை. மிச்ச ஸ்டிக்கரைத் தொடாமல் போட்டோ எடுத்து, டின்னையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தி, 1977க்கு அழையுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. எழுத்திலும் முறையிடுங்கள், நாளைக் கடத்தாமல். பற்றுச்சீட்டு தரவில்லையா? கேட்டால் தரவேண்டும் என்று 2003இன் 9ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: ஒடியல் கூழ் தசைக்கு நல்லதா? (குருநகர்)

பதில்: ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்து. நண்டும் இறாலும் மீனும் நல்லது, அடியில் கிடப்பதை அள்ளி முதலில் வயதானவர்களுக்குப் போடுங்கள்.