ரூகர் மார்க் 4 டிரிக்கர்: கேட்டதும் சொன்னதும்

ரூகர் மார்க் 4 பாயிண்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டலில், ஒரு கையால் வட்டக்குறியைச் சுடும் அமெரிக்க புல்ஸ்ஐ போட்டி சுடுகிறவர்கள், டிரிக்கர் மாற்றுவது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எதையும் தொடும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் உலோகத் துண்டு) பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிவிடுங்கள். வேலை செய்யும் மேசையில் தோட்டா டப்பாவே இருக்கக்கூடாது.

கேள்வி: டிரிக்கர் கல் மாதிரி இருக்கிறது. இழுக்க வேண்டிய எடையை எவ்வளவு இறக்கலாம்?

பதில்: என்ஆர்ஏ (அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம்) விதிப்படி பாயிண்ட் 22-க்குக் குறைந்தபட்சம் 2 பவுண்டு, அதாவது 907 கிராம். கடையில் வாங்கியபோது என்னுடையது ஐந்து பவுண்டை ஒட்டி இருந்தது; ஒரு கையால் பிடித்துச் சுடும் ஆட்டத்தில் அதை இழுத்து முடிப்பதற்குள் முன்குறி எங்கேயோ போய்விடும். நான் 2.25-இல் நிறுத்தியிருக்கிறேன். சரியாக 2-இல் வைத்தால், ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்ததும் போட்டியன்று சோதனைக்கு டிரிக்கரில் தொங்கவிடும் எடைக்கல்லைத் தாங்காமல் விடுபட்டுவிடும்.

ஆனால் எடையைவிட முக்கியம், டிரிக்கர் எப்படி விடுபடுகிறது என்பது. நரநரவென்று நகர்ந்து விடுபடும் 2 பவுண்டைவிட, சுள்ளென்று விடுபடும் 3 பவுண்டில்தான் எனக்கு நல்ல புள்ளி வந்திருக்கிறது.

கேள்வி: மாற்று உறுப்புகள் அடங்கிய கிட் வாங்க வேண்டுமா, இருக்கிற சியரையே (ஹாமரை, அதாவது அடிக்கும் சுத்தியலை, பிடித்து நிறுத்தும் கொக்கி) தேய்த்துக்கொள்ளலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். சியரும் ஹாமரும் கவ்விக்கொள்ளும் முகத்தில் கோணம் துளி மாறினாலும் ஹாமர் தானாக விழலாம், ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகலாம். வோல்குவார்ட்சன் கம்பெனியின் கிட்டில் ஹாமர், சியர், டிரிக்கர், ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வருகின்றன. விலை அதிகம்தான், அதற்காக அரத்தை எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஹாமர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும் என்கிறாரே நண்பர்?

பதில்: நானும் வெட்டியவன்தான். டிரிக்கர் இலகுவானது, பத்துக்கு ஒன்று வெடிக்கவில்லை. பாயிண்ட் 22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, அந்த விளிம்பை நசுக்க நல்ல அடி வேண்டும். பத்து நொடிக்குள் ஐந்து குண்டு சுட வேண்டிய சுற்றில் ஒன்று வெடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நண்பரிடமே கேளுங்கள்.

கேள்வி: புது டிரிக்கரில் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கின்றனவே, எதற்கு?

பதில்: ஒன்று சியர் விடுபடும் முன் டிரிக்கர் நகரும் வெற்று தூரத்துக்கு, மற்றது விடுபட்ட பின் நகரும் தூரத்துக்கு. முன்னதை அதிகம் முறுக்கினால் சுட்ட பின் டிரிக்கர் மறுபடி கவ்வாது. பின்னதை அதிகம் முறுக்கினால் ஹாமர் விழாது. அதைவிட மோசம், விழும்போது சியரில் உரசி இரண்டையும் கெடுக்கும். ஹாமர் விழாத இடம் வரை முறுக்கி, அங்கிருந்து விழும் வரை பின்வாங்கி, அதற்கு மேலும் கால் சுற்று தளர்த்திவிடுவேன். அப்புறம் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடேற்ற வேண்டிவரும்.

கேள்வி: மாட்டியாயிற்று. நேராக ரேஞ்சுக்குப் போகலாமா?

பதில்: முதலில் வெறும் துப்பாக்கியில் போல்ட்டைப் பின்னால் இழுத்து வேகமாக விடுங்கள், இருபது தடவையாவது. போல்ட்டோடு சேர்ந்து ஹாமரும் ஒரு தடவை விழுந்தாலும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். ரேஞ்சில் முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு. இரண்டும் சேர்ந்து போனால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். எடை பார்க்க, குழலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, டிரிக்கரின் நடுவில் கல்லைத் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். டிரிக்கரின் நுனியில் தொங்கவிட்டால் எடை குறைவாகக் காட்டும்.

கேள்வி: பழைய மார்க் 4 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி கிட் போடலாமா?

பதில்: சீரியல் எண்ணைப் பாருங்கள். 401 என்றோ டபிள்யூபிஆர் என்றோ தொடங்கினால், 2017-இல் ரூகர் திரும்ப அழைத்த தொகுப்பு. சேப்டி நெம்புகோல் பாதியில் நிற்கும்போது டிரிக்கரை இழுத்தால் சுடாமல் இருந்து, பிறகு நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளியதும் வெடிக்கலாம் என்பதுதான் குறை. அது சரிசெய்யப்பட்டதா என்று உறுதியான பிறகு மற்ற பேச்சு.

கேள்வி: நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். எனக்கும் கிட் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதில் தேவையான திருகெல்லாம் கம்பெனியே வைத்திருக்கும். வரம்பு 500 கிராம், 520-இல் வைத்துவிட்டு பயிற்சியைப் பாருங்கள்.