ஆகஸ்ட்ல இலங்கை: சஃபாரிக்கு யாலாவா, மின்னேரியாவா?

கேள்வி: ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் குடும்பத்தோட இலங்கை போறோம். கொழும்பு, சிகிரியா, கண்டி, அவ்ளோதான் ரூட். சஃபாரிக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். பையன் சிறுத்தை பார்த்தே ஆகணும்னு நிக்கிறான், மாமியாருக்கு முதுகுவலி. பேசாம யாலாவுக்கே போயிடலாமா?

பதில்: உங்க ரூட்டுக்கு யாலா வேண்டாங்க. அது தென்கிழக்கு மூலையில இருக்கு, கண்டியில இருந்து போனா அரை நாளுக்கு மேல ரோட்லயே போயிடும், அப்புறம் யாலா பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமையில நைட் தங்கி விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடணும், ஒரு நாள்ல முடியற கதை இல்ல. யாலாவைப் பிரிச்சு வெச்சிருக்கற பகுதிகள்ல முதல் பிளாக்ல சிறுத்தை நிறைய இருக்கறது உண்மைதான், இலங்கைக் காட்டுல புலியும் கிடையாது சிங்கமும் கிடையாது, அதனால அதுக்குப் பயமே இல்ல, பட்டப்பகல்ல பாறை மேல காலை நீட்டிப் படுத்திருக்கும். ஆனா ஒரு டிரைவர் பார்த்துட்டா போன் பறக்கும், அத்தனை ஜீப்பும் ஒரே மரத்தடிக்கு வந்து முட்டி மோதி நிக்கும், உங்க ஜீப் பின்னாடி மாட்டுச்சுன்னா வால் தெரிஞ்சாலே பெருசு.

ஆகஸ்ட்ல போறவங்களுக்கு மின்னேரியாதான் லக். சிகிரியாவுல இருந்து பக்கம். அந்தப் பார்க்குக்குள்ள மூணாம் நூற்றாண்டுல மகாசேன மன்னன் கட்டுன குளம் இருக்கு, வெயில் காலத்துல தண்ணி வத்த வத்த கரையோரம் பசும்புல் முளைக்கும், சுத்துக் காடெல்லாம் காஞ்சு கிடக்கறதால யானைக் கூட்டம் கூட்டமா அங்க இறங்கும். ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் இது நடக்கும், நல்ல வருஷத்துல இருநூறு முன்னூறு யானை வரைக்கும் சேரும்.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு, இதை ஹோட்டல்காரங்க தானா சொல்ல மாட்டாங்க. மொரகஹகந்த அணையில இருந்து இந்தக் குளத்துக்குத் தண்ணி விட்டா மட்டம் இறங்காது, மட்டம் இறங்கலைன்னா புல்லு இல்ல, புல்லு இல்லைன்னா யானை ஏன் வரப்போகுது? பக்கத்துல கவுடுல்லவுக்கோ ஹுருளு காட்டுக்கோ நகர்ந்துடும். அதனால முன்கூட்டியே "மின்னேரியா"ன்னு குறிச்சு ஆன்லைன்ல பணம் கட்டிடாதீங்க. அன்னிக்குக் காலையில பக்கத்து ஊரான ஹபரணையில ஜீப் டிரைவர்கிட்ட "நேத்து சாயங்காலம் யானை எங்க இருந்துச்சு"ன்னு கேளுங்க, அவர் எந்தப் பார்க் சொல்றாரோ அங்க போங்க. மூணு பார்க்கும் பக்கம் பக்கம்தான். மத்தியானம் 3 மணி வாக்குல உள்ள போனா சரியா இருக்கும், வெயில் தாழத்தான் காட்டுக்குள்ள இருந்து வெளிய வரும்.

காசு பேசும்போது ஜீப் வாடகை தனி, நுழைவு டிக்கெட் தனின்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. வெளிநாட்டவருக்கு டிக்கெட் உள்ளூர்க்காரங்களை விட பல மடங்கு, அதுமேல சர்வீஸ் சார்ஜ், வரின்னு ஏறும். "எல்லாம் சேர்த்து எவ்ளோ"ன்னு கேட்டு முடிச்சுட்டு ஏறுங்க.

மாமியாரைக் கடைசி சீட்ல உட்கார வெக்காதீங்க, பள்ளத்துல இறங்கினா பின்சக்கரத்துக்கு மேல இருக்கறவங்களைத்தான் தூக்கிப் போடும். டிரைவர் பக்கத்து சீட் கேட்டு வாங்குங்க, முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சுக்கோங்க. உள்ள போனா ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டாங்க, அதனால பாத்ரூம் வேலையெல்லாம் வாசல்லயே முடிச்சுடுங்க.

பையன்கிட்ட ஒண்ணு முன்னாடியே சொல்லிடுங்க, அங்க ஆண் யானையில பெரும்பாலானதுக்குத் தந்தம் கிடையாது. நம்ம முதுமலைக் கணக்குல பார்த்துட்டு எல்லாம் பெண் யானைன்னு நினைச்சுடுவான். தனியா நிக்குதா, நெத்தி அகலமா புடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. காதை விரிச்சு வாலை விறைப்பா தூக்கிட்டு ஜீப்பையே பார்த்து நின்னா போட்டோவை விட்டுட்டு டிரைவரை வண்டியப் பின்னாடி எடுக்கச் சொல்லணும். குட்டி கூட இருக்கற தாய்னா இன்னும் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்க, கூடக் காசு தரேன்னு கிட்டப் போகச் சொல்ற ஆளுங்களாலதான் பாதிப் பிரச்சனையே.

சிறுத்தைதான் வேணும்னு பையன் அடம் பிடிச்சா, கண்டியில ஒரு நாளைக் குறைச்சுட்டு அனுராதபுரம் பக்கம் வில்பத்து போகலாம். இலங்கையிலேயே பெரிய தேசியப் பூங்கா, போர்க் காலத்துல பல வருஷம் மூடிக் கிடந்து 2010ல திறந்தாங்க. ஜீப் கூட்டம் யாலா அளவுக்கு இருக்காது. வில்லுன்னு சொல்ற இயற்கைக் குளங்களோட ஓரத்துலயும் மணல் பாதையிலயும் சிறுத்தை நடமாடும். காடு அடர்த்தி, அதனால கண்ணுல படறது அதிர்ஷ்டம்தான், காலையில 6 மணிக்கு கேட் திறக்கும்போதே நிக்கணும்.

ட்ரிப் செப்டம்பருக்குத் தள்ளிப் போனாலும் மின்னேரியா பிளானை மாத்த வேண்டாம். யாலா முதல் பிளாக்கை வறட்சிக்காக செப்டம்பர்ல மூடறது வழக்கம், அது தெரியாம திஸ்ஸமஹாராமையில ரூம் போட்டுட்டு முழிக்கிறவங்க நிறைய பேர்.