வாசகர் கேள்வி: தெருவில் உறங்குபவருக்குக் குடிநோய் சிகிச்சை

கேள்வி: கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருக்கிறேன். முன்பு பாபநாசம் பக்கம் அறுவடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், சில ஆண்டுகளாக எங்கள் கடை வாசலில்தான் படுக்கிறார். விடிந்ததும் கை நடுங்குகிறது; குடித்தால்தான் அடங்குகிறது. நாலைந்து நாள் ஓர் அறையில் வைத்துக் குடிக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். விடிந்ததும் வரும் நடுக்கம், அவருடைய மூளை மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கான அடையாளம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று நிலைமை முற்றவும் கூடும். இவற்றில் எதைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் டயஸெபாம், லோரஸெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். சரியாக உண்ணாமல் குடித்துவந்தவர் உடலில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம். ஆகவே, சோர்ந்து கிடப்பவருக்கு 'ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்' என்று பக்கத்து கிளினிக்கில் கேட்கும் நம் ஊர் வழக்கத்தை விட்டுவிட்டு, அவர் குடிப்பவர் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்லாமல், அவருடைய சம்மதத்தோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்ப அட்டை இல்லையே என்று தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும் அரசு மனநல நிறுவனங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை அதன் 18-ஆம் பிரிவு வழங்குகிறது.

கேள்வி: என் அண்ணன் இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தார். அண்ணி வீட்டில் சேர்க்கவில்லை. குளக்கரை மண்டபத்தில் படுக்கிறார், மறுபடியும் குடிக்கிறார். மூன்றாவது முறையும் செலவழிப்பது வீண்தானா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: வீண் இல்லை. ஆனால் முன்பு செய்ததையே மீண்டும் செய்தால் பலன் இருக்காது. இரண்டு முறையும், மையத்திலிருந்து வெளியே வந்த அன்று இரவு அவர் எங்கே படுப்பார் என்று யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. என் கணிப்பில் குறை அங்கேதான் இருக்கிறது. கொசு, ஐப்பசி கார்த்திகை அடைமழை, பையை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம், இவற்றுக்கு நடுவில் தூங்குவதற்கு அவருக்குக் கிடைக்கும் மலிவான வழி மதுதான். பையோடு மாத்திரையும் தொலையும், மறுபரிசோதனை நாளும் மறந்துபோகும்.

குடியை விட்டால்தான் இடம் என்ற வரிசையை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கில் 1992-இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம், எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தது. சியாட்டில் நகரில், உள்ளே குடிப்பதற்குக்கூடத் தடையில்லாத ஒரு குடியிருப்பைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு, அங்கே குடியேறியவர்களுக்காக ஆகும் பொதுச்செலவும் அவர்கள் குடிக்கும் அளவும் குறைந்ததாகக் காட்டியது. நம் நாட்டிலோ, லட்சம் பேர் வாழும் நகரப் பகுதிக்கு ஓர் இரவுக் காப்பகம் என்பது கணக்கு. குடித்துவிட்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கால் உங்கள் அண்ணனுக்கு என்ன பயன்?

அண்ணியை வற்புறுத்த வேண்டாம். அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். மையத்தில் சேர்ப்பதற்கு முன்பே ஒரு வாடகை அறையையோ, உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையையோ ஒழுங்குசெய்துவிட்டு, மாதந்தோறும் மருத்துவரிடம் யார் அழைத்துச் செல்வது என்பதையும் பேசி முடியுங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் அந்த இடத்தைப் பிடுங்காதீர்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிச் சாப்பாட்டில் எதையும் கலக்கவும் வேண்டாம். குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உடலுக்குள் இருக்கும்போது மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். விவரம் அறிந்து, சம்மதித்து, ஒருவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. இலவச ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

கேள்வி: கோயில் வாசலில் இருப்பவர்களுக்குக் காசு கொடுத்தால் குடித்துவிடுகிறார்கள். கொடுக்காமல் இருப்பதுதானே நல்லது? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். உங்கள் பத்து ரூபாய் அவரைக் குடிகாரர் ஆக்கியதும் இல்லை, அதை மறுப்பதால் அவர் குடியை விடப்போவதும் இல்லை. கையில் காசு குறையும்போது மலிவான கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்னும் நச்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாசலில் இருப்பவர்களில் யாராவது கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று சொன்னால் போதை என்று ஒதுக்கிவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மெத்தனாலுக்கு நச்சுமுறிவு மருந்து உண்டு. தாமதமானால் பார்வை திரும்பாது.