ஆத்தங்குடிக் கல் என்றால் மேடுபள்ளம் இருக்கத்தான் செய்யுமா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் மனையில், மெட்டீரியலோடு காண்ட்ராக்ட் விட்டு 32 லட்சத்தில் வீடு கட்டினோம். பால் காய்ச்சிக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. ஹால் தரையில் ஆத்தங்குடிக் கல். பீரோவின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறோம். வீடு கழுவினால் தண்ணீர் சாமி அறை வாசலில் போய் நிற்கிறது. காண்ட்ராக்டரைக் கேட்டால், “கைவேலைக் கல்லு அப்படித்தாங்க இருக்கும். வேணும்னா மிஷின் வச்சுத் தேய்ச்சுத் தர்றேன், பாக்கி ஒன்றரை லட்சத்தைக் கொடுங்க” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் இருக்கட்டும், முதலில் அந்த மிஷினை வீட்டுக்குள் விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் பூவேலை இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான். மேடு கரையும் அளவுக்குத் தேய்த்தால் பூவும் சேர்ந்து போய்விடும். ஆசிட் ஊற்றிக் கழுவவும் விடாதீர்கள். சிமெண்டுக் கல்லை ஆசிட் அரித்துவிடும்.

கைவேலை என்பதும் பாதி நியாயம்தான். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுக்கிற கல் இது. சூளையில் வேகாது, தண்ணீரில் ஊறி இறுகும். அதனால் கனம் கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். ஆனால் முகம் கண்ணாடியில் படிந்தது, அது தட்டையாகத்தான் வரும். கனத்தில் இருக்கிற வித்தியாசத்தை அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவதுதான் பதிக்கிறவர் வேலை. கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது பழைய வீட்டு வளவில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். அங்கே கிடப்பதும் கைவேலைக் கல்தானே!

அடுத்து அளந்துவிடுங்கள். ஆறடி அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் கிடத்தி, அடியில் தெரியும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து, ஸ்கேலும் தெரியப் படம் எடுங்கள். நாலு மூலைக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு கல்லையும் நாணயத்தால் தட்டுங்கள். ‘டொக்’கென்று பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டு அதையும் படம் எடுங்கள். சுவரோரம் அடியில் பதித்த பட்டைக்கு (ஸ்கர்ட்டிங்) கீழே சந்து திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்திருந்து, மாதத்துக்கு மாதம் அகன்றால் பேஸ்மென்டில், அதாவது தரைக்கு அடியில், கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கவில்லை என்று சந்தேகப்படலாம். அப்போது கல்லை மாற்றிப் பதித்தும் பயனில்லை, மறுபடி இறங்கும். பாத்ரூமிலும் வாசலிலும் இருக்கிற வாட்டத்தைக் குறையாகச் சேர்க்காதீர்கள், அது வேண்டியது.

இதையெல்லாம் ஒரு சிவில் இன்ஜினியரிடம் காட்டி, அவர் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். சரிசெய்ய ஆகும் செலவும் அதில் இருக்க வேண்டும். பாக்கியைச் சும்மா நிறுத்தினால் ‘பணம் தராத வீட்டுக்காரர்’ என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். “இன்ன இன்ன குறை, 30 நாளில் சரிசெய்தால் பாக்கி முழுவதும் தருகிறோம்” என்று எழுதி, அறிக்கை நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அவர் போடும் பதில் நாளைக்கு உதவும்.

அசையவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம், சிலர் அதற்கே இறங்கி வருவார்கள். கல்லை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் மட்டும் ஒரு சிக்கல்: பதித்தவர் கல்லைக் குறை சொல்வார், கல் கொடுத்தவர் பதித்தவரைச் சொல்வார். இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சி மதுரையில் பிளாட் வாங்கி மூன்று வருஷம். இப்போது டைல்ஸ் உப்பிக் கிளம்புகிறது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. பில்டரிடம் வாங்கிய பிளாட்டுக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு இருக்கிறது. வேலைத்தரத்தில் குறை என்று 5 ஆண்டுக்குள் தெரிவித்தால், 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். அந்த 5 ஆண்டு பத்திரம் பதிந்த தேதியிலிருந்து அல்ல, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து.