மச்சாளுக்குப் பிடிக்காத நாவல்

கேள்வி: எங்கள் ஊர் முள்ளியவளைப் பக்கம். சனசமூக நிலையத்து வாசிகசாலையில் மாதம் ஒருமுறை பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். போன மாதம் நான் தெரிவு செய்தது தமிழ்நாட்டின் பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் காதல் நாவல். கோபக்காரப் பணக்காரன் ஒருவன், பழிவாங்குவதற்காக நாயகியின் கழுத்தில் அவளது சம்மதம் இல்லாமல் தாலி கட்டுகிறான். பிறகு மெல்ல மெல்ல மனம் மாறி அவளை உயிராக நேசிக்கிறான். எனக்கு நல்ல விருப்பம். அம்மாவுக்கும் அம்மாவின் வயதுக்காரருக்கும் அப்படித்தான். ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள் 'இவனைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க வேண்டும்' என்றார்கள். சிரிப்பும் வாக்குவாதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் என் மச்சாள் (அண்ணாவின் மனைவி, 2008இல் அவசரமாகக் கலியாணம் முடிந்தது, அப்போது அவவுக்குப் பதினேழு வயது) 'இதை விரும்புகிற ஆக்களுக்கு மூளை இல்லை' என்று சொல்லி எழும்பிப் போய்விட்டா. அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஒரே வளவுக்குள் இருக்கிறோம். இந்த நாவலை விரும்பியது என் பிழையா? புத்தகத்தை வாசிகசாலையில் இருந்து எடுத்துவிடலாமா? எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதலாமா?
வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நாவலின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் உங்கள் கடிதத்தில் இருந்து எடுத்துவிட்டேன். கட்டாயத் தாலியில் தொடங்கிக் காதலில் முடிகிற கதைகள் தமிழில் எத்தனையோ இருக்கின்றன. எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். விரும்பியது பிழையில்லை. கொலைக் கதை வாசிக்கிற எல்லோரும் கத்தி வாங்கக் கடைக்குப் போவதில்லை.

நாவலைத் தேடி எடுத்து நானும் வாசித்தேன். கெட்டிக்கார எழுத்து. மாமியும் மருமகளும் குசினிக்குள் கதைக்கிற இடங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் புத்தகத்தை மூட மனம் வராது, தொடர்கதை எழுதிப் பழகிய கை. ஆனால் தாலி கட்டுகிற இடத்துக்குப் பிறகு எழுத்தாளர் ஒரு களவு செய்கிறார். நாயகியின் கோபம் சில பக்கங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அப்புறம் நாயகனுக்குக் காய்ச்சல். (இந்த வகை நாவல்களில் நாயகனுக்குக் காய்ச்சலோ விபத்தோ வராமல் நாயகியின் மனம் இளகியதாக நான் வாசித்த ஞாபகமே இல்லை.) அவள் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, இரவிரவாக விழித்திருந்து, விடியும்போது காதலித்துவிடுகிறாள். அவன் செய்தது பிழை என்று அவன் வாயால் ஒரு வரி வரவில்லை. முதல் நாளே உன்னில் எனக்கு விருப்பம் என்கிறான், அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இருக்க விருப்பமா, போக விருப்பமா என்று அவளிடம் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. ஏ.எல் பிள்ளைகள் சொன்னது சரி. கதைக்குள் நடப்பது குற்றம்தான்.

இதற்காக அம்மாவின் வயதுக்காரரை இளக்காரமாகப் பார்த்துவிடாதீர்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், அட்டை கழன்ற மாத நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்த தலைமுறை அது. 2002இல் வன்னிக்குள்ளால் போகிற ஏ9 பாதை திறந்தபோது வவுனியாவில் இருந்து வந்த சாமான்களோடு புதுப் புத்தகங்களும் வந்தன. 2006 ஆகஸ்ட்டில் பாதை பூட்டியதும் பழையபடி பழைய புத்தகம்தான். முடிவுப் பக்கம் கிழிந்துபோன நாவலுக்குத் தாங்களாகவே ஒரு முடிவு சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த நாவலில் பிடித்தது தாலி கட்டுகிற இடம் என்று நான் நினைக்கவில்லை. பிரிந்த இரண்டு பேரும் முடிவில் ஒரே வீட்டுக்குள் இருக்கிறார்கள், அதுதான் பிடித்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017இல் தொடங்கித் தாய்மார் ஆண்டுக்கணக்கில் தெருவோரம் இருந்த மாவட்டம் உங்களுடையது. போனவன் திரும்பி வருகிற கதைக்கு அங்கே எவ்வளவு ருசி என்பது, கொழும்பில் இருந்து விமர்சனம் எழுதுகிறவருக்கு இலேசில் விளங்காது.

இனி மச்சாளின் விஷயம். அவவைப் பற்றிய ஒரு தகவலை நீங்கள் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

2007, 2008 காலத்தில் வன்னியில் எப்படிக் கலியாணங்கள் நடந்தன என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பு இறுகிய நேரம். கலியாணம் முடித்துவிட்டால் பிள்ளையை விடுவார்கள் என்ற நம்பிக்கையில், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூடப் பெற்றோர் அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் அந்த நேரம் ஓடியது. ஆனால் அப்படிக் கலியாணம் முடித்த பிள்ளைகள் பலரிடம் விருப்பமா என்று கேட்க நேரமும் இருக்கவில்லை, கேட்கிற வழக்கமும் இருக்கவில்லை. இதில் உங்கள் அண்ணாவும் ஒரு பக்கம் அகப்பட்டவராக இருக்கலாம். அவருக்கு அப்போது என்ன வயது? அவரிடம் யார் கேட்டார்கள்? இரண்டு பேரும் இன்றைக்கு நல்ல மாதிரி வாழ்கிறார்களாகவும் இருக்கலாம். அதற்காக, கேட்கப்படாமல் போனது இல்லையென்று ஆகிவிடாது.

மச்சாளின் கோபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. உறவுக்காரர் நாலு பேர் முன்னால், பதினேழு வயதில் கலியாணம் முடித்த ஒரு பெண், 'கட்டாயமாகக் கட்டினாலும் பிறகு விருப்பம் வந்துவிடும்தானே' என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டு கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. சிரித்தவர்களில் அவவின் மாமியும் ஒருவர். இதை நினைத்துப் பார்த்தால் அவ எழும்பிப் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆகவே அவவிடம் போய் நாவலுக்காக வாதாடாதீர்கள். 'நீங்கள் சொன்னதுதான் சரி, எனக்கு இப்ப அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை' என்று பொய்யும் சொல்லாதீர்கள், அவ கண்டுபிடித்துவிடுவா. அண்ணாவைத் தூது அனுப்பவே கூடாது. அம்மாவையும் வேண்டாம். கலியாணத்தைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்கவும் வேண்டாம். அவவின் கதையை எப்போது சொல்வது, சொல்வதா இல்லையா என்பதெல்லாம் அவவின் முடிவு. பின்னேரம் கிணற்றடியிலோ குசினியிலோ வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, 'மச்சாள், அண்டைக்கு நீங்கள் எழும்பிப் போனது எனக்குக் கவலையாய் இருக்கு. அந்த இடத்தை வாசிக்க உங்களுக்கு எப்படி இருக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை' என்று சொல்லுங்கள். அவ்வளவும் போதும். அவ பதில் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்தால் நீங்களும் பக்கத்தில் நின்று ஏதாவது வேலையைப் பாருங்கள். 'மூளை இல்லை' என்று சொன்னது உங்களுக்கும் நொந்திருக்கும், அதைச் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே நாளில் வேண்டாம்.

வாசகர்கள் ஒரு கதைக்காக இரண்டாகப் பிரிவது புதினமான விஷயம் இல்லை. 1966இல் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வருகிற கல்லூரி மாணவியைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அந்தத் தாய் செய்தது சரியா என்று பெரிய சண்டையே நடந்தது. பிறகு அவர் அந்தத் தாய் வேறு மாதிரி நடந்திருந்தால் மகளின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்பதை எடுத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அது.

அதே வேலையை உங்கள் வட்டத்திலும் செய்து பார்க்கலாம். தாலி கட்டிய மறு நிமிடம் நாயகி வாசலைத் தாண்டிப் போகிறாள் என்று வையுங்கள். எங்கே போவாள்? தாய்வீட்டுக் கதவு திறக்குமா? பொலிசுக்குப் போனால் என்ன சொல்லுவார்கள்? உங்கள் ஊர் என்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 2005ஆம் ஆண்டிலிருந்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது, அவளுக்கு அதெல்லாம் தெரியுமா? ஏ.எல் பிள்ளைகளுக்குச் சட்டம் தெரிந்திருக்கும், அம்மாமாருக்குத் தாய்வீட்டுக் கதவைப் பற்றித் தெரிந்திருக்கும். போன மாதத்தைவிட நல்ல கதை நடக்கும். இப்படி ஒரு கூட்டம் வைக்கிற எண்ணம் இருந்தால் மச்சாளிடம் முதலே சொல்லிவிடுங்கள். அவ வராமல் விட்டாலும் விடட்டும்.

அடுத்த புத்தகத்தை அவவே தெரிவு செய்யட்டும். ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் 'நிலக்கிளி'யைக் காட்டுங்கள். அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரி வெளியிட்டது. தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை, உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. கதிராமன், அவன் மனைவி பதஞ்சலி, ஊருக்குப் படிப்பிக்க வந்த வாத்தியார் என்று மூன்று பேர். விருப்பம், குற்ற உணர்வு, காடு, குளம் எல்லாம் அதில் உண்டு. பதஞ்சலியைப் பற்றியும் உங்கள் வட்டம் இரண்டாகப் பிரியும், அதற்குத் தயாராக இருங்கள்.

புத்தகத்தை வாசிகசாலையில் இருந்து எடுக்க வேண்டாம். எடுத்தால் பிள்ளைகள் கைபேசியில் வாசிப்பார்கள், கதைக்க ஆள் இல்லாமல் தனியாக வாசிப்பார்கள். ஓ.எல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளை யாராவது இரவல் கேட்டு வந்தால் கொடுங்கள், திருப்பித் தரும்போது அந்தத் தாலி கட்டுகிற இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

எழுத்தாளருக்கு எழுதுவதென்றால் தாராளமாக எழுதுங்கள். திட்டுகிற கடிதமும் புகழ்கிற கடிதமும் அவருக்கு நிறைய வரும். உங்களுடையதில் இரண்டும் இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் அழுதீர்கள், எந்தப் பக்கத்தில் உங்கள் வட்டம் உடைந்தது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள், நாயகன் ஏன் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை என்று நேரே கேளுங்கள். மச்சாளின் கலியாணத்தைப் பற்றி மட்டும் அவ சம்மதிக்காமல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். எனக்கு அனுப்பிய கடிதத்தில் அதை எழுதினீர்கள் என்பதையும் இந்தப் பக்கம் அவவின் கைக்குப் போகிறதற்கு முன்னம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு நேரம் தரவே இந்தப் பதிலை முதலில் உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன், நீங்கள் சம்மதம் எழுதிய பிறகுதான் இங்கே வெளிவருகிறது.