சின்னப் பட்டறை வைத்திருப்பவர் அரசின் ஆன்லைன் டெண்டரில் கலந்துகொள்ளலாமா? உங்கள் அனுபவம் எப்படி?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் முதல் டெண்டர் கிடைக்கும் என்று நம்பி இரும்பு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

பள்ளிகளுக்கான இரும்பு மேசை, பெஞ்சு செய்கிற பட்டறை எங்களுடையது. என் முதல் டெண்டர் மாநில அரசின் டிஎன்டெண்டர்ஸ் தளத்தில். கிளாஸ் 3 டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்று, வாங்கினேன் (கையொப்பம், கோப்பைப் பூட்டும் என்கிரிப்ஷன் இரண்டும் சேர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள்). விலையை அவர்கள் தரும் எக்ஸெல் தாளில்தான் நிரப்ப வேண்டும். கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. நான் அழகாக இருக்கட்டும் என்று பட்டறைப் பெயரைச் சேர்த்துச் சேமித்தேன். தளம் ஏற்க மறுத்தது. காரணம் புரியவே அரைநாள் ஆனது.

ஒருவழியாக எல்லாக் கோப்புகளும் ஏறின. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். கவர் திறந்த அன்று பார்த்தால் பட்டியலில் என் பெயரே இல்லை! கடைசியில் 'ஃப்ரீஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, ஒப்புகை எண் வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. சீல் வைத்த கவரைப் பெட்டிக்குள் போடாமல் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்த மாதிரிதான் ஆனது என் கதை.

இருந்தாலும் பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன். என் அப்பா காலத்தில் டெண்டர் படிவம் வாங்க ஒரு தடவை, போட ஒரு தடவை என்று பஸ் ஏற வேண்டும். பெட்டிக்குப் பக்கத்திலேயே நாலு பேர் நின்றுகொண்டு, "அண்ணே, இது நம்ம ஆளுக்கு, நீங்க அடுத்ததுல பாத்துக்குங்க" என்பார்கள். இன்று அவர்களுக்கு நிற்க இடமில்லை.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு விற்க 2016இல் வந்த ஜெம் என்ற அரசு ஆன்லைன் சந்தைத் தளம் இதைவிட எளிது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டாயம் எடுத்துவிடுங்கள். சொந்தமாகத் தயாரிக்கும் சிறு நிறுவனம் என்றால் டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை (இஎம்டி) கட்ட வேண்டாம். பெரிய கம்பெனி குறைந்த விலை போட்டிருந்தாலும், உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர்கள் விலைக்கே இறங்கி வந்து ஆர்டரில் ஒரு பங்கு வாங்கலாம். எனக்குக் கிடைத்த முதல் ஆர்டரே அப்படி வந்ததுதான்.

சரி, பணம்? சரக்கு போய்ச் சேர்ந்த 10 நாளுக்குள் வாங்கியவர் தளத்தில் ஏற்புச் சான்று தர வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகுதான் பில் நகரும். நான் சரக்கு அனுப்பிய அலுவலகத்தில் அதிகாரி மாற்றலாகிப் போனார், புதியவருக்கு லாகின் தயாராகவில்லை. பெஞ்சில் ஆட்கள் உட்கார ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத்தான் சான்று வந்தது. அதுவரை வாரம் ஒருமுறை போன் போட்டு, "சார், லாகின் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.