குளிரில் சைக்கிள் ஓடும் கணவருக்கு இருமல்: நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். என் கணவருக்கு 48 வயது. வீட்டில் ஒரு கார்தான், அது என் வேலைக்குத் தேவை. அதனால் சித்திரை மாதத்திலிருந்து அவர் 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய் வருகிறார். காலை 7 மணிக்கு வேலை. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் பிரஷருக்கு ஒரு குளிசையும் எடுக்கிறார். சைக்கிள் ஓடத் தொடங்கிய பிறகு மூன்று மாதச் சீனிச் சராசரி 7.9இலிருந்து 7.1க்கு இறங்கியது. ஆனால் குளிர் வந்த பிறகு, வேலைக்குப் போய் இறங்கியதும் அரை மணி நேரம் இருமுகிறார், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்கிறார். சில நாள் விரல் நுனி வெள்ளையாகி விடுகிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தும் மாறவில்லை. நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொன்னால் கேட்கிறார் இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

பதில்: நிரந்தரமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் குடும்ப மருத்துவர் பார்க்கும் வரைக்கும் அவர் பஸ்ஸில் போகட்டும். இது உங்கள் இருவரில் யாருக்கும் முழுத் திருப்தி தராத பதில் என்று தெரியும்.

ஏன் இந்த இடைவெளி? 48 வயது, சீனி, பிரஷர், நெஞ்சு இறுக்கம். இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் கதை. குளிர் பட்டதும் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதே நேரம் எதிர்க்காற்றில் மிதித்தால் உழைப்பு இன்னும் கூடும். சீனி உள்ளவர்களுக்கு இதய வலி வழக்கமான மாதிரி வராமல் வெறும் மூச்சு வாங்கலாகவோ களைப்பாகவோகூட வரலாம். ஆகவே ஒரு ஈசிஜி, தேவைப்பட்டால் ஓட்டப் பரிசோதனை. இடையில் எப்போதாவது மிதிக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தி, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் 911 அழையுங்கள்.

அதைச் சொல்லி விட்டேன். இப்போது, என் சந்தேகம் இதயத்தில் இல்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது நேரம். இதயத்தால் வரும் இறுக்கம் பெரும்பாலும் மிதிக்கும்போது வந்து, நின்றதும் தணியும். உங்கள் கணவருக்கோ இறங்கிய பிறகு தொடங்கி, அரை மணி நேரம் இருந்து, தானாகவே போகிறது. இது உடற்பயிற்சியின்போது மூச்சுக் குழாய் சுருங்கும் கோளாறின் நடை. சும்மா இருக்கும்போது நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம். மூக்கு அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக மிதிக்கும்போது வாயால் இழுக்கிறோம். கனடாவின் குளிர்காலக் காற்று குளிர் மட்டுமல்ல, மிகவும் வறண்டது. அது நேராக உள்ளே போய் மூச்சுக் குழாயின் உட்சுவரிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. எரிச்சலடைந்த குழாய் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் உச்சத்துக்கு வருவது நின்று 5 முதல் 15 நிமிடத்துக்குள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணியும்.

சின்ன வயதில் அவருக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருந்ததா என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள். ஊரில் முட்டு, இழுப்பு என்று சொல்லியிருப்பார்கள். பத்து வயதில் போனது நாற்பதுக்கு மேல், வேறு நாட்டில், வேறு காற்றில் திரும்பி வருவதுண்டு. இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

நியூமோனியா பயத்தை விடுங்கள். தடிமனும் நியூமோனியாவும் கிருமியால் வருபவை, குளிர்காற்று நெஞ்சுக்குள் போய்ச் சளியாக உறைவதில்லை. கொத்தமல்லித் தண்ணி தொண்டைக்கு இதம், கொடுங்கள், ஆனால் சுருங்கிய குழாயை அது விரிக்காது.

மருத்துவரிடம் போகும்போது ஊதிப் பார்க்கும் பரிசோதனை, அதாவது ஸ்பைரோமெற்றி, வேண்டும் என்று கேளுங்கள். ஓய்வில் ஊதினால் முடிவு சரியாகவே வரக்கூடும். அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. இருமல் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, இரவில் இருமி எழும்புகிறாரா என்பதை எழுதிக் கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. இன்ஹேலர் தந்தால், குழாயை உடனே விரிக்கும் நீல நிறத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது நல்லதல்ல. அழற்சியைக் குறைக்கும் மருந்தும் சேர வேண்டுமா என்று கேளுங்கள். இன்ஹேலரைச் சைக்கிள் பையில் வைக்கக் கூடாது. குளிர்ந்துபோன குப்பி சரியான அளவை வெளியே தள்ளாது. ஜக்கெற்றின் உள் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

எல்லாக் குளிசைப் போத்தல்களையும் கொண்டு போகச் சொல்லுங்கள். பிரஷர் குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் இடிக்கிறது. ரமிப்ரில், பெரிண்டோப்ரில் போல ‘ப்ரில்’ என்று முடியும் மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அந்த இருமல் நாள் முழுக்க இருக்கும், சைக்கிளோடு மட்டும் வராது. ‘லோல்’ என்று முடியும் மருந்துகளில் சில மூச்சுக் குழாயைச் சுருக்கும், கைவிரலையும் குளிர வைக்கும். அவருடைய இரண்டு முறைப்பாட்டுக்கும் ஒரே குளிசை காரணமாக இருக்க இடமுண்டு. அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். ‘லோல்’ மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. மாற்றுவது மருத்துவரின் வேலை.

பரிசோதனையில் இதயம் சரி என்று வந்தால் அவர் மறுபடி ஓடலாம். அப்போது வாயையும் மூக்கையும் மூடும் மெல்லிய கழுத்துத் துணி கட்டாயம். வெளியே விடும் மூச்சின் சூடும் ஈரமும் அந்தத் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே போகும். நனைந்தால் உறைந்துவிடும் என்பதால் திரும்பி வர இன்னொன்று பையில் இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஆறுதலாக மிதிக்கட்டும். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் உடுப்பு கூடிவிட்டது, பாதி வழியில் வியர்த்து, அந்த ஈரம்தான் பிறகு நடுங்க வைக்கும். உள்ளே பருத்திப் பெனியன் வேண்டாம், கம்பளி நல்லது.

விரல் வெள்ளையாவதைப் பற்றி. குளிரில் வெளிறி, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து கடுத்தால் அது ரேனோ என்ற இரத்தக் குழாய்ச் சுருக்கம். பெரும்பாலும் பயமில்லாதது. ஆனால் நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் வந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மட்டும் நிறம் மாறாமல் மரத்துப்போனால் குளிரைக் குறை சொல்ல முடியாது, கைபிடியில் சாய்ந்து நரம்பை அழுத்துகிறார். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை நல்லது. கைபிடியின் மேலேயே மாட்டும் பெரிய உறையும் கிடைக்கிறது. பார்க்க அழகில்லை, ஆனால் அதைப்போல வேறொன்றில்லை.

தோல் மெழுகு மாதிரி வெளுத்துக் கட்டியாகி, உணர்வே இல்லாமல் போனால் அது பனிக்கடி. தேய்க்கக் கூடாது, ஹீற்றரிலோ அடுப்பிலோ காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வரை வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். சைக்கிள்காரர் தானே காற்றை உண்டாக்குகிறார் என்பதையும் மறந்துவிடுவார்கள். காற்றில்லாத −20 பாகையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது ஏறத்தாழ −30. கனடிய வானிலைத் துறையின் கணக்குப்படி, −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அப்படிப்பட்ட காலையில் பஸ்.

சீனிக்காரருக்குக் கையைவிடக் கால்தான் என் கவலை. நரம்பு மந்தமாக இருந்தால் விரல் குளிர்வதே தெரியாது. இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸ் போட்டால் இரத்தம் ஓடாது, இன்னும் குளிரும். ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சொக்ஸைக் கழற்றி விரல் இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும், தினமும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு வழியில் சீனி இறங்குவது அரிது. பின்னால் கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ சேர்த்தால் கதை வேறு. அப்போது இனிப்பு ஏதாவது கையில் இருக்க வேண்டும். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் எறிய வேண்டியதுதான். சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாகக் காட்டாது.

இவ்வளவு சொன்னாலும், பனிக்கால சைக்கிளில் ஆட்களைக் கொண்டுவந்து மருத்துவமனையில் போடுவது குளிரல்ல, வழுக்கல். −15 பாகையில் காய்ந்து கிடக்கும் வீதி நல்லது. பகலில் பனி கரைந்து, இரவில் சுழியத்துக்குக் கீழே போய், விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாகக் கிடக்குமே, அந்த நாள்தான் மோசம். அவர் புறப்படுவதோ அந்த நேரத்தில். ஆணி பதித்த குளிர்கால ரயர் இதற்குப் பெரிய உதவி. கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்யுங்கள், முன் சில்லுக்காவது. உறைமழை எச்சரிக்கை என்றால் ரயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ரொறன்ரோ பஸ்களின் முன்பக்கம் சைக்கிள் மாட்டும் சட்டம் இருக்கிறது. காலையில் ஓடிப் போய், பின்னேரம் வானம் கெட்டால் அதில் ஏற்றிக்கொண்டு வரலாம்.

விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள். விழுந்த பிறகு பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பு வெடித்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சுளுக்கு என்று விட்டுவிட்டு மாதக்கணக்கில் கஷ்டப்படுவார்கள். வலி இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் திரும்பவும் படம் எடுக்க வேண்டும். தலை அடிபட்டு வாந்தி, குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி வந்தால் உடனே அவசரப் பிரிவு. ஹெல்மெற் பெரியவர்களுக்கு ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயமில்லை, அவருக்கு நீங்கள் கட்டாயமாக்குங்கள். லைற் சட்டப்படியே வேண்டும்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மார்கழியில் சூரியன் உதிப்பதே எட்டு மணியளவில்.

அதனால் ஒரு சின்ன விஷயம். இருட்டில் போய், கூரையின் கீழ் வேலை செய்பவருக்கு வெயில் கிடையாது. மதியத்தில் வெளியே நின்றாலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை ரொறன்ரோ வெயிலால் தோலில் விற்றமின் டி ஏறக்குறைய உருவாவதே இல்லை. நம் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் வேண்டும். அவர் வயதுக்கு ஒரு நாளைக்கு 600 அலகு விற்றமின் டி தேவை. உங்களுக்கும்தான்.

7.9இலிருந்து 7.1 என்பது சின்ன இறக்கமல்ல. இன்னொரு குளிசை சேர்த்தால்தான் பலருக்கு அவ்வளவு இறங்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சீனியை இழுத்துக்கொள்ளும். ஐந்து மாதம் சோபாவில் இருந்துவிட்டுச் சித்திரையில் திரும்பத் தொடங்குகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சராசரி பழைய இடத்துக்கே போயிருக்கும். அதனால்தான் நிறுத்தச் சொல்ல மனமில்லை. பஸ்ஸில் போகும் நாட்களில் இரண்டு தரிப்பு முன்னால் இறங்கி நடக்கட்டும்.

மூக்கோடு நிற்கும் தடிமன் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், உடம்பு உளைவு, நெஞ்சுச் சளி என்றால் முழுக்க மாறும் வரை கூடாது. ஃப்ளூ ஊசி ஒன்ராறியோவில் இலவசம், மருந்துக் கடையிலேயே போடுவார்கள். சீனி உள்ளவர் என்பதால் நியூமோனியாத் தடுப்பூசி பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.